ஏலத்துக்கு வரும் வீடு: மலாக்காத் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதலில் வேர்விட்டது மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் அசாஹானிலும் பெருந்தோட்டம் எழுந்தது. மரங்களோடு லயங்களும் வந்தன. தெபோங், காடேக், கெமுனிங், டைமண்ட் ஜூபிலி என இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் நிலைத்திருக்கும் தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். வேலை உள்ளவரை வீடு உண்டு, வேலை போனால் வீடும் போகும் என்பதே அங்கே விதி. தோட்டம் கைமாறினாலோ, நிலம் தாமானாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறினாலோ ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வரும். குடும்பம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்பும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம்கூட வேலையில் இருப்பவருக்கு எப்படிப்பட்ட வீடு தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. வேலை முடிந்தவருக்கு அது வீடு தரவில்லை.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள் டுரியான் துங்கால், புக்கிட் காட்டில், பத்து பெரெண்டாம், செங், மெர்லிமாவ், பூலாவ் செபாங் வட்டாரங்களில் சொந்த வீடு வாங்கினார்கள். பலருக்கு அது குடும்ப வரலாற்றிலேயே முதல் கெரான், அதாவது சொந்தப் பெயரில் உரிமைப் பத்திரம். அந்த வீட்டுக்கு லோன் கட்ட முடியாமல் போய் வங்கியின் கடிதம் வரும்போது, தோட்டத்து ஆபீஸ் கடிதம் வந்தபோது செய்ததையே பல குடும்பங்கள் இன்றும் செய்கின்றன. “சொல்லிட்டாங்க, இனி கிளம்ப வேண்டியதுதான்” என்று மனம் தளர்ந்து வீட்டைக் காலி செய்கிறார்கள். இல்லையென்றால் கடிதத்தைப் பிரிக்காமல் சாமி மேடைக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. லயத்தில் இருந்தவர் கம்பெனியின் தயவில் இருந்தவர். கெரானில் பெயர் உள்ளவர் அப்படியல்ல. ஏலம் முடியும் கணம் வரை சட்டம் அவரை உரிமையாளராகவே நடத்துகிறது. இந்த வேறுபாடு தெரியாததால் மட்டும் காப்பாற்றியிருக்கக்கூடிய வீடுகள் கைவிட்டுப் போகின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கடன் தவறுவது ஏன்?

ஊதாரித்தனம் என்று ஊரார் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். தொழிற்சாலைச் சம்பளத்தில் ஓவர்டைம் பெரும் பங்கு. லோன் கேட்கும்போது சம்பளச் சீட்டில் ஓவர்டைமும் சேர்ந்தே இருக்கும். ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றால், மாதத் தவணை மட்டும் அப்படியே நிற்கும். குடும்பத் தலைவர் நோயில் விழுவது, திடீரென இறப்பது, கணவன் மனைவி பிரிவது, மச்சானுக்குக் கையெழுத்துப் போட்ட கார் லோன் தலையில் விழுவது ஆகியவை மற்றக் காரணங்கள். கோவிட் காலத்தில் 2020 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை வங்கிகள் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்புக் கொடுத்தன. வீட்டுக் கடனுக்கு அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று நினைத்திருந்தவர்கள் பிறகு திகைத்தார்கள்.

தோட்டத் தொழிலாளருக்காகவே அரசு அறிவித்த கடன் திட்டங்களும் உண்டு. 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 5 கோடி ரிங்கிட் நிதி ஒதுக்கி, பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக 4 விழுக்காடு வட்டியில், 40 ஆண்டு வரை, இரண்டாம் தலைமுறையும் தொடர்ந்து கட்டும் வகையில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் மகனின் தோளுக்கு மாறும் கடன் எத்தகையது என்பதை மகன் அறிந்திருக்க வேண்டும். கடனை எப்படி வாங்குவது என்று சொல்லித் தர ஆள் கிடைத்த அளவுக்கு, அது தவறினால் என்ன நடக்கும் என்று சொல்லித் தர நமக்கு ஆள் கிடைக்கவில்லை.

வங்கி எடுத்து வைக்கும் படிகள்

மூன்று மாதத் தவணை நின்றதும் வங்கி அந்தக் கணக்கை வாராக் கடனாக வகைப்படுத்துகிறது. அதன்பின் கோப்பு கிளை அலுவலகத்திலிருந்து மீட்புப் பிரிவுக்கும், அங்கிருந்து வங்கியின் லாயருக்கும் போகும். பேச்சுவார்த்தைக்கு மிக நல்ல காலம் இந்த மூன்று மாதத்துக்கு முன்புதான். கோப்பு லாயரிடம் போய்விட்டால், அவருடைய கட்டணமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

அடுத்து என்ன நடக்கும் என்பது உங்கள் வீட்டுக்குத் தனிக் கெரான் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டும், பலரும் பார்ப்பதில்லை.

தனிக் கெரான் இருந்து, அதில் வங்கியின் அடமானம் பதிவாகியிருந்தால் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் காப்பாக நிற்கும். ஒப்பந்தத்தை மீறிய நிலை ஒரு மாதமாவது தொடர்ந்த பிறகே வங்கி 16டி பாரத்தில் அறிவிப்பு அனுப்பலாம். அதில் பாக்கியைத் தீர்க்க மேலும் ஒரு மாதம் தர வேண்டும். ஒப்பந்தத்திலேயே வேறு கால அளவு குறித்திருந்தால் அதுதான் செல்லும். கடிதத்தின் தலைப்பில் 16டி என்று இருந்தால் அது மிரட்டல் கடிதமல்ல, சட்டக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். வந்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள்.

அறிவிப்புக் காலம் முடிந்த பிறகும் வங்கி தானாக விற்க முடியாது. விற்பனை உத்தரவு வாங்க வேண்டும். பத்திரத்தில் ‘கெரான்’, ‘பிஎன்’, ‘எச்எஸ்டி’ என்றிருந்தால் அது பதிவாளர் அலுவலக உரிமைப் பத்திரம். அந்த வழக்கு ஆயர் கெரோவில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ‘ஜிஎம்’, ‘பிஎம்’, ‘எச்எஸ்எம்’ என்றிருந்தால் அது நில அலுவலகப் பத்திரம். வங்கி 16ஜி பாரத்தில் மனுச் செய்ய, மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மாவட்டங்களில் உரிய நில அலுவலகம் உங்களை விசாரணைக்கு அழைக்கும். கிராமப்புறத்தில் சிறு நிலத்தோடு வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழியே பெரும்பாலும் பொருந்தும்.

இரண்டு இடத்திலும் நேரில் போங்கள். போகாவிட்டால் உத்தரவு எளிதாகப் போடப்பட்டுவிடும். போனால் என்ன கேட்கலாம்? “குடும்பக் கஷ்டம், குழந்தைகள் படிக்கிறார்கள்” என்பதை நீதிபதி மனிதராகக் கேட்பார், ஆனால் அதை வைத்து மனுவைத் தள்ளுபடி செய்ய அவரால் இயலாது. எந்தக் காரணங்கள் செல்லும் என்பதை 1997இல் வெளியான லோ லீ லியான் எதிர் பான் ஹின் லீ வங்கி வழக்கின் தீர்ப்பில் கூட்டரசு நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. அடமானமே மோசடி, போலிக் கையெழுத்து போன்றவற்றால் செல்லாததாக இருக்கலாம். வங்கி சட்டப்படி செய்ய வேண்டிய முன்படிகளை, உதாரணமாக முறையான அறிவிப்பை, செய்யாமல் விட்டிருக்கலாம். உத்தரவு வேறு ஒரு சட்டத்துக்கோ நியாய நெறிக்கோ முரணாக இருக்கலாம். இந்த மூன்றுக்கு வெளியே கதவு பெரும்பாலும் அடைபட்டது. ஆனாலும் பணம் வர வழி இருக்கிறது என்று ஆதாரத்தோடு காட்டினால், அவகாசத்துக்கு வங்கியின் லாயரே இணங்குவதுண்டு. வாங்க ஆள் பேசியிருப்பதும், ஊழியர் சேமநிதியிலிருந்து பணமெடுக்க மனுப் போட்டிருப்பதும் அத்தகைய ஆதாரங்கள்.

உத்தரவு போட்ட நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் கழித்தே ஏலத் தேதி குறிக்கப்படும். எல்லாவற்றிலும் முக்கியமானது தேசிய நிலச் சட்டத்தின் 266ஆவது பிரிவு. ஏலம் முடிவதற்கு முன் எந்த நேரத்திலும் உரிமையாளர் கட்ட வேண்டிய முழுத் தொகையையும் செலவுகளோடு செலுத்திவிட்டால் விற்பனை உத்தரவு செயலிழந்துவிடும். ஏலத்துக்கு முதல் நாளும் தாமதமல்ல. லயத்துக் குடும்பத்துக்கு எந்த நாளிலும் கிடைக்காத உரிமை இது.

தனிக் கெரான் வராத வீட்டின் நிலை வேறு. பல அடுக்குமாடி வீடுகளிலும் சில தாமான்களிலும் நிலம் இன்னும் மேம்பாட்டாளரின் தாய்ப் பத்திரத்திலேயே இருக்கும். வாங்கியவர் தம் உரிமையை வங்கிக்கு எழுதிக்கொடுத்துத்தான் கடன் பெற்றிருப்பார். இங்கே வங்கி நீதிமன்ற உத்தரவு இல்லாமலேயே, ஒப்பந்தத்தின் பலத்தில், ஏலக்காரரை நியமித்து விற்க முடியும். கால அவகாசம் மிகவும் குறுகியது. ஆகவே இத்தகைய வீட்டுக்காரர்கள் முதல் கடிதத்திலேயே விழித்துக்கொள்ள வேண்டும்.

தவறான முகவரிச் சிக்கலும் நம்மவர்களுக்கு அதிகம். வீடு வாங்கும்போது தோட்டத்தில் இருந்தவர் லோன் பத்திரத்தில் லயத்து முகவரியையே கொடுத்திருப்பார். பிறகு தோட்டம் மூடியிருக்கும், முகவரியை மாற்றச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வங்கி சட்டப்படி அந்த முகவரிக்கே பதிவுத் தபால் அனுப்பும். சேரவில்லையென்றால் வாசலில் ஒட்டியும் பத்திரிகையில் போட்டும் அறிவிப்புச் செய்ய உத்தரவு வாங்கும். வங்கிக்கு எழுத்து மூலம் புதிய முகவரி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

ஏலத்துக்கு முன் செய்யக்கூடியவை

என் கணிப்பில் வழிகள் நான்குதான், அவற்றில் முதல் இரண்டே பெரும்பாலோருக்கு உதவுபவை. வங்கியிடம் தவணையை மறுசீரமைக்கக் கேட்பது முதல் வழி. காலத்தை நீட்டி மாதத் தவணையைக் குறைப்பார்கள், மொத்த வட்டி கூடும். அதை மறைக்க வேண்டியதில்லை, வீடு நிற்கிறது. தனியாகப் போய்ப் பேசத் தயக்கமிருந்தால் பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. ஒரு காசு வாங்காமல் எல்லாக் கடனையும் கூட்டிப் பார்த்து, வங்கிகளோடு பேசி, ஒரே மாதத் தவணைத் திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். சம்பளச் சீட்டையும் கடன் கடிதங்களையும் கொண்டு போனால் போதும். வழக்கு முற்றிய பிறகு அவர்களால் செய்யக்கூடியது குறைவு.

அடுத்தது ஊழியர் சேமநிதி. 2024 மே முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அதில் ‘செஜாத்திரா’ கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்கலாம். கோவிட் காலத்தில் சிறப்பு அனுமதிகளில் சேமநிதியைக் காலிசெய்தவர்களுக்கு இந்த வழி ஏறக்குறைய மூடிக்கிடக்கிறது என்பதுதான் வேதனை.

மூன்றாவது, நீங்களே வீட்டை விற்பது. இதைப் பலர் அவமானமாக நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். கடன் பாக்கி 140,000 ரிங்கிட், ஏலத்தின் தொடக்க விலை 180,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏலத்தில் ஆள் வரவில்லை. ஒவ்வொரு முறையும் 10 விழுக்காடு குறைப்பதே வழக்கம். இரண்டாம் ஏலத்தில் 162,000, மூன்றாவதில் 145,800, நான்காவதில் 131,220. இதற்கிடையே மாதாமாதம் வட்டியும் லாயர் செலவும் ஏறிக் கடன் 150,000ஐ எட்டியிருக்கும். நான்காம் ஏலத்தில் விற்றால் வீடும் போய், 18,780 ரிங்கிட் கடனும் நிற்கும். முதல் ஏலத்துக்கு முன்பே 170,000க்கு நீங்களே விற்றிருந்தால் கடனைக் கட்டிக் கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் விற்பனை முடிய வழக்கமாக மூன்று மாதமும் நீட்டிப்பாக ஒரு மாதமும் பிடிக்கும். குத்தகை நிலமாகவோ மலிவு விலை வீடாகவோ இருந்து கைமாற்ற மாநில அனுமதி தேவைப்பட்டால் இன்னும் நீளும். எம்சிஎல் எனப்படும் மலாக்கா மரபு நிலத்தில் கட்டிய வீடென்றால், யார் வாங்கலாம் என்பதிலேயே கட்டுப்பாடு உண்டு. வாங்குவோர் வட்டம் சிறிது, விலையும் அதற்கேற்பத்தான் அமையும். ஆகவே விற்பதென்று தீர்மானித்தால் 16டி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

நான்காவது, உறவினர் உதவி. இதைப் பற்றி அறிவுரை சொல்ல எனக்கு உரிமையில்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் கணக்கு உண்டு. ஒன்றை மட்டும் சொல்லலாம். திவால் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு, சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடனுக்கு லாப நோக்கமின்றி ஜாமீன் போட்ட உறவினரைத் திவாலாக்க முடியாது. ஆனால் தம்பி ஜாமீனாக அல்லாமல் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. எந்தக் கட்டத்தில் கையெழுத்து விழுந்திருக்கிறது என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

ஏல அறிவிப்பு வெளியானதும் வாசலுக்கு வருபவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். “அண்ணே, லேலோங்கை நாங்க நிறுத்துறோம், இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க” என்பார்கள். அந்தத் தாள் சில நேரம் முழு அதிகாரப் பத்திரமாக இருக்கும், சில நேரம் விற்பனை ஒப்பந்தமாகவே இருக்கும். வட்டிக்குத் தருபவர் உரிமம் உள்ளவரா என்று கேளுங்கள். 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, பிணையுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும், பிணையில்லாக் கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும் உரிமம் பெற்றவர்கூட வட்டி வாங்க முடியாது. மாதத்துக்கு 10 விழுக்காடு என்று ஒருவர் சொன்னால், வீட்டை வங்கியிடமிருந்து மீட்டு அவரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றே பொருள்.

ஏலமும் அதன் பிறகும்

உயர் நீதிமன்ற ஏலங்கள் இப்போது ‘இ-லேலோங்’ இணையத் தளம் வழியே நடக்கின்றன. ஏலம் எடுப்பவர் தொடக்க விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டி, மீதியை 120 நாளுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும், வீடு மறுபடி ஏலத்துக்கு வரும். வீடு புதியவர் பெயருக்கு மாறும்வரை அவரால் உங்களை வெளியேற்ற முடியாது.

விற்ற பணத்தில் நிலவரிப் பாக்கி, ஏலச் செலவு, வங்கிக் கடன் எல்லாம் போக எஞ்சியது பழைய உரிமையாளருக்கே சேர வேண்டும். பல குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. வங்கியிடம் எழுத்து மூலம் கணக்குக் கேளுங்கள். பணம் போதாவிட்டால் மீதிக்கு வங்கி வழக்குப் போடலாம். 2021 செப்டம்பர் முதல் திவால் வரம்பு 100,000 ரிங்கிட். அதற்குக் கீழான பாக்கிக்குத் திவால் மனு போட முடியாது, ஆனால் கடன் மறைந்துவிடாது. தவணையாகக் கட்டப் பேசலாம், குறைத்து முடிக்கவும் கேட்கலாம். வங்கிகள் பல நேரம் இணங்கும்.

வீடு ‘உள்ளது உள்ளபடியே’ விற்கப்படுகிறது, காலி செய்து கொடுக்கும் பொறுப்பு வங்கிக்கு இல்லை. எனவே புதிய உரிமையாளரே வந்து கேட்பார். பெரும்பாலும் லாயர் கடிதத்தில் 14 நாள் கெடு இருக்கும். அந்தக் கெடு அவர் கோரிக்கைதான், நீதிமன்ற ஆணையல்ல. நீங்கள் வெளியேறாவிட்டால் அவர் 2012 நீதிமன்ற விதிகளின் 89ஆவது ஆணைப்படி மனுச் செய்து, உத்தரவு பெற்று, நீதிமன்ற அதிகாரியோடு வர வேண்டும். ஆட்களை வைத்துப் பூட்டை உடைப்பதோ, தண்ணீர் மின்சாரத்தை அறுப்பதோ, சாமான்களை வெளியே எறிவதோ அவருக்கு உரிமையாகாது. அப்படி நடந்தால் போலீசில் புகார் கொடுத்து, மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் மலாக்கா சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

அதே நேரம், சட்டம் தரும் அவகாசத்தைக் கடைசி நாள்வரை இழுத்தடிக்க நான் சொல்லவில்லை. வழக்கு முடிந்தால் செலவும் உங்கள்மேல் விழலாம். புதிய உரிமையாளரும் பெரும்பாலும் கடன் வாங்கி வீடு வாங்கிய சாதாரண மனிதர்தான். மரியாதையாகப் பேசி ஒரு தேதி ஒப்புக்கொண்டு எழுதி வாங்குவதே இருவருக்கும் நல்லது. சிலர் வழக்குச் செலவை மிச்சப்படுத்த, வீடு மாற்றும் செலவுக்கு ஒரு தொகை தருவதுமுண்டு. கேட்பதில் வெட்கமில்லை. கோபத்தில் கதவு, கிரில், கழிவறைப் பொருள்களைப் பெயர்த்து எடுக்காதீர்கள். வீட்டோடு பொருந்தியவை வீட்டோடு விற்கப்பட்டவை. அவற்றைச் சேதப்படுத்தினால் குற்ற வழக்காக வரும்.

வெளியேறும் முன் தெனாகா மின்சாரக் கணக்கையும் சியாரிக்காட் ஆயர் மலாக்கா தண்ணீர்க் கணக்கையும் மூடி, கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். அடையாளக் கார்டில் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். பிள்ளைகளின் பள்ளி மாற்றத்தைப் பள்ளி விடுமுறையோடு பொருந்தும்படி தேதி பேசினால் அவர்களுக்குப் பாடம் கெடாது. வீட்டில் வைத்து வணங்கிய சாமியை எங்கே கொண்டுபோவது என்பது நம்மில் பலருக்குப் பெரிய துயரம். வட்டாரக் கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொன்னால் முறையாக எடுத்து வைக்க வழி சொல்வார்கள்.

ஏலம் இல்லாமலும் வீடு போகும் இரண்டு வழிகள் இருக்கின்றன. நிலவரி பாக்கி நின்றால் நில அலுவலகம் 6ஏ பாரத்தில் மூன்று மாத அறிவிப்புத் தரும். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் நிலம் மாநில அரசுக்கே பறிபோகும். சில நூறு ரிங்கிட்டுக்காக நிலத்தையே இழக்கும் நிலை அது. மற்றொன்று வாரிசுச் சிக்கல். அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் கெரான் அவர் பெயரிலேயே கிடக்கும். தவணையைப் பிள்ளைகள் கட்டிவருவார்கள். சிக்கல் வரும்போது வங்கியோடு பேச யாருக்கும் சட்ட அதிகாரம் இருக்காது. அவர் பெயரில் கடன் காப்புறுதி இருந்ததா என்று கேட்டிருந்தால் கடனே அடைபட்டிருக்கலாம். நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவில் மனுச் செய்து பெயர் மாற்றுவது பெரிய செலவில்லாத வேலை. ஆனால் உடன்பிறந்தார் எல்லோரையும் ஒப்ப வைக்க வேண்டும் என்பதால் அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

மலாய் வாசிக்கத் தெரிந்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே அப்பா அம்மாவிடம் கேட்டு வீட்டுக் கெரானையும் லோன் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பத்திரம் எந்த வகை, வங்கியிடம் எந்த முகவரி இருக்கிறது, இந்த ஆண்டு நிலவரி கட்டியாயிற்றா, பெயரில் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். ஏற்கெனவே இரண்டு தவணை நின்றிருந்தால் மூன்றாவது நிற்பதற்குள் அவர்களை அழைத்துக்கொண்டு வங்கிக்கோ ஏகேபிகேக்கோ போங்கள்.